டிஸ்சார்ஜ் ஆனபின் எங்கே போவார்? வீடற்ற நோயாளிகள் உடல் தேறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தெருவில் வசிக்கும் நோயாளிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. ஓபி வரிசையிலும், கல்லூரிகளில் பேசப் போகும்போதும், போனிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எல்லாமே ஃப்ரீதானே? அப்புறம் என்ன பிரச்சினை?"

சிகிச்சை இலவசம்தான். ஆபரேஷன், எலும்புக்கு வைக்கும் பிளேட், ரத்தம், மாத்திரை எல்லாம் கிடைக்கிறது. பிரச்சினை டிஸ்சார்ஜ் சீட்டில் ஆரம்பிக்கிறது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. கட்டு நனையக் கூடாது. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங். பத்தாம் நாள் ஓபியில் வந்து காட்ட வேண்டும்.

வால்டாக்ஸ் சாலை பிளாட்பாரத்தில் படுப்பவர் இதில் எதைச் செய்ய முடியும்? காலை ஊன்றாமல் கழிப்பறைக்குப் போக வழியில்லை. மழை வந்தால் கட்டு நனையும். மாத்திரைக் கவரைப் பையில் வைத்துத் தலைமாட்டில் வைத்தால், விடியும்போது பையே இருக்காது. சில வாரத்தில் அதே ஆள், அதே கால், சீழோடு மறுபடி கேஷுவாலிட்டிக்கு வருகிறார். நல்லபடியாகச் செய்த ஆபரேஷன் வீணாகிறது.

"அப்போ நீங்க கேக்கறது இன்னொரு ஆஸ்பத்திரியா?"

இல்லை. வார்டில் படுத்திருக்கத் தேவையில்லாத, ஆனால் தெருவில் இருந்தால் தேற முடியாத ஒருவர் சில வாரங்கள் தங்குவதற்கான இடம். சிலர் ரெகவரி ஷெல்டர் என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் தேறும் காப்பகம் என்றே எழுதுகிறேன். பகலிலும் படுக்கக் கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, மருந்தைப் பூட்டி வைத்து நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க ஓர் ஆள், வந்து கட்டு மாற்றும் நர்ஸ், அடுத்த ஓபிக்குக் கூட்டிப்போக வண்டி. இவ்வளவுதான் அடிப்படை.

ஆக்சிஜன் தேவைப்படுபவர், ராத்திரி பகலாக டிரிப்ஸ் ஏறுபவர், ரத்த அழுத்தம் நிலையில் இல்லாதவர் இங்கே வரக் கூடாது. அவர்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். "படுக்கை வேண்டும், இவரைக் கூட்டிப் போங்கள்" என்று வார்டிலிருந்து சீக்கிரமே தள்ளிவிட ஒரு வசதியாக இது மாறிவிடக் கூடாது.

"ஆஸ்பத்திரியிலயே இன்னும் ஒரு மாசம் வெச்சிருக்கலாமே?"

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எலும்பு வார்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவே தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள். அது மட்டுமில்லை, வார்டில் அதிக நாள் கிடப்பவருக்கு அங்கே உலவும் கிருமிகள் தொற்றும் ஆபத்தும் உண்டு. டாக்டர் சீக்கிரம் அனுப்புவது பெரும்பாலும் நோயாளியின் நன்மைக்குத்தான்.

இதில் சென்னைக்கே ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் காசநோய்க்கு சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருப்பதே வைத்தியம். தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய சானடோரியம் அப்படி வந்ததுதான். 1956-ல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து அதே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். உலகம் முழுக்க காசநோய் சிகிச்சை வீட்டுக்கு இடம் மாறியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

அந்த முடிவு சரி, பெருமைப்பட வேண்டியதும்கூட. ஆனால் அதற்குள் வீடு என்று ஒன்று இருக்கிறது. எவ்வளவு ஏழை வீடானாலும் ஒரு கூரை, ஒரு அடுப்பு, "மாத்திரை போட்டியா?" என்று கேட்க ஒருவர். இன்று ஆஸ்பத்திரிகள் எல்லா நோய்க்கும் அப்படித்தான், மீதி வேலையை வீடு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஆளை அனுப்புகின்றன. வீடே இல்லாதவருக்கு அந்த மீதி வேலையைச் செய்ய ஆள் இல்லை. தேறும் காப்பகம் வேண்டும் என்று நாங்கள் கேட்பதற்கு இதுதான் காரணம்.

"இது எங்கயாவது நடக்குதா, இல்ல ஆசைதானா?"

நடக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வீடற்றோருக்கான மருத்துவத் திட்டம் 1985-ல் தொடங்கியபோதே, ஒரு காப்பகத்துக்குள் 25 படுக்கைகளோடு இதையும் ஆரம்பித்தார்கள். 1993-ல் அது தனி இடமானது. தெருவில் இருந்தவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த பார்பரா மெக்இன்னிஸ் என்ற நர்ஸின் பெயர் அதற்கு. இன்று 104 படுக்கைகள். வாஷிங்டனில் கிரைஸ்ட் ஹவுஸ் என்ற இடமும் 1985-ல் வந்தது. இப்போது அந்த நாட்டில் பல நகரங்களில் இப்படி இடங்கள் இருக்கின்றன.

பலன் உண்டா என்றும் பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில் இப்படி ஓர் இடத்துக்குப் போனவர்களையும், இடம் காலியில்லாததால் போக முடியாதவர்களையும் ஓராண்டு பின்தொடர்ந்து, 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போனவர்கள் அந்த ஆண்டில் சராசரியாக 3.7 நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். போகாதவர்கள் 8.3 நாள். கேஷுவாலிட்டிக்கு வருவதில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில், டெல்லியில் யமுனைக் கரையில் கீதா காட் பகுதியில் நோயிலிருந்து மீளும் வீடற்ற ஆண்களுக்காக இப்படி ஒரு காப்பகம் நடத்தப்பட்டிருக்கிறது.

"சென்னையிலதான் கார்ப்பரேஷன் காப்பகங்கள் நிறைய இருக்கே, அங்க விட்டா போதாதா?"

பாதிப் பதில் ஆம். உச்ச நீதிமன்றம் 2010-ல், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று சொன்னது. பிறகு 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகளில் தலைக்கு 50 சதுர அடி என்ற கணக்கும் வந்தது. சென்னையில் மாநகராட்சி இடம் தர, தொண்டு நிறுவனங்கள் காப்பகங்களை நடத்துகின்றன. ஆண், பெண், முதியோர், குழந்தைகள் என்று தனித்தனியாக உண்டு. சில அரசு மருத்துவமனை வளாகங்களில், நோயாளியோடு வந்தவர்கள் தங்கவும் காப்பகம் இருக்கிறது.

ஆனால் இவை நடமாடக்கூடியவர்களுக்காக அமைந்தவை. பல இடங்களில் பாய்தான், கட்டில் கிடையாது. கழிப்பறை மாடிப்படிக்குக் கீழே. பணியாளர் ஒருவரோ இருவரோ. யூரின் பேக்கோடு ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் அந்தப் பணியாளர் பயந்துபோவார். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. 2013 விதிகளிலேயே முதியோர், மனநலம் பாதித்தவர்கள், நோயிலிருந்து தேறுபவர்கள் ஆகியோருக்குச் சிறப்புக் காப்பகங்கள் அமைக்கலாம் என்று இருக்கிறது. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அந்த வரியை எடுத்து நடைமுறைப்படுத்தினால் போதும்.

"ரோட்டுல ஒருத்தர் அடிபட்டுக் கிடக்கறார். உதவி பண்ணா போலீஸ் கேஸ்ல மாட்டிக்குவேனே?"

மாட்ட மாட்டீர்கள். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தில் உதவுபவர் மீது வழக்கு வராது, பெயர் முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது. 108-ஐ அழையுங்கள். இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாப் பெயர், எதிரே உள்ள கடையின் பெயர் இரண்டும் சொன்னால் வண்டி தேடி அலையாது.

விபத்து இல்லாமல் புண்ணோடோ காய்ச்சலோடோ கிடந்தாலும் 108 வரும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புண்ணில் புழு இருந்தால் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரியில் அதற்குச் சரியான முறையில் சுத்தம் செய்வார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பலருக்கு அது ஆறிவிடும் புண்தான். ஆளை ஏற்றும்போது அவருடைய பையையும் கூடவே ஏற்றுங்கள். அதன் முக்கியத்துவம் கீழே குடிப்பழக்கம் பற்றிய பதிலில் வருகிறது.

"கூட ஆள் இல்லன்னா அட்மிஷன் போட மாட்டாங்களாமே?"

போட்டாக வேண்டும். உயிரைக் காப்பாற்றும் கடமை எல்லா டாக்டருக்கும் உண்டு, போலீஸ் சம்பிரதாயங்கள் அதற்குக் குறுக்கே வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் பரமானந்த் கடாரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர்கூடச் சொல்ல முடியாத நிலையில் வருபவரை "பெயர் தெரியாத ஆண், சுமார் 50 வயது" என்று எழுதி அட்மிட் செய்வது தினமும் நடப்பது. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் அப்படியே. எந்த அட்டையும் கேட்க மாட்டார்கள்.

நடைமுறையில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்கேனுக்குத் தள்ளுவண்டி தள்ள, ரத்த டெஸ்ட் ரிசல்ட் வாங்கி வர, சாப்பாடு வாங்கி ஊட்ட என்று வார்டே அட்டெண்டரை, அதாவது நோயாளியோடு கூட இருக்கும் ஆளை, நம்பித்தான் ஓடுகிறது. அட்டெண்டர் இல்லாத நோயாளியின் வேலை கடைசியில்தான் நடக்கும். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் வார்டில் ஒருவரோடு இருக்க முடிந்தால், அது பணம் கொடுப்பதைவிட மேலான உதவி. முதலில் ஆர்எம்ஓ (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

"நாளைக்கு டிஸ்சார்ஜ்னு சொல்றாங்க. நான் என்ன கேட்டு வாங்கணும்?"

முதலில், நாளைக்கேதான் அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். தங்க இடம் ஏற்பாடாகவில்லை என்று வார்டு டாக்டரிடம் நேரடியாகச் சொன்னால், ஓரிரு நாள் தள்ளிவைக்கப் பலர் சம்மதிப்பார்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டில் "வீடு இல்லை" என்று எழுத இடம் கிடையாது.

அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காலை எப்போது ஊன்றலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும், தையல் எப்போது பிரிப்பார்கள், டியூப் இருந்தால் எப்போது மாற்ற வேண்டும், அடுத்த ஓபி எந்தக் கிழமை, எந்த பிளாக், எந்த அறை. எந்த அறை என்பதை விட்டுவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் அரை நாள் போய்விடும். விபத்துக் கேஸ் என்றால் ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், இழப்பீடு கேட்க அது வேண்டும்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் திரும்பி வர வேண்டும் என்பதையும் கேளுங்கள். மாவுக்கட்டுக்குக் கீழே விரல்கள் நீலமாக மாறினால், மரத்துப்போனால், வலி தாங்க முடியாமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும். சம்மரியைப் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைத்திருங்கள். காகிதம் தெருவில் நிலைக்காது.

"ஆதார் இல்ல, ரேஷன் கார்டு இல்ல. காப்பீடு கிடைக்குமா?"

அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற அட்டை தேவையில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத்தான் ரேஷன் கார்டும், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் என்ற சான்றும் கேட்பார்கள். அவசர நேரத்தில் இதற்காக அலையாதீர்கள். தேறும் நாட்களில் செய்ய வேண்டிய வேலை இது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்று ஆதாருக்கு முகவரிச் சான்றாகச் செல்லும். ஒருவர் ஆறு வாரம் ஓர் இடத்தில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

"காலில் சர்க்கரைப் புண். நான் தினமும் வந்து கட்டு மாத்திவிடறேன், போதுமா?"

கட்டு மாற்றுவது பாதிதான். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போகிறது, வலிக்காது. வலி இல்லாததால் புண்ணோடு நடப்பார். நடக்க நடக்க அழுத்தம் விழுந்து, ஆறுகிற சதை மறுபடி கிழியும். எவ்வளவு நல்ல மருந்து வைத்தாலும், அந்தக் கால் மேல் எடை விழாமல் இருந்தால்தான் ஆறும். தெருவில் இருப்பவர் சாப்பாட்டுக்கு நடக்க வேண்டும், தண்ணீருக்கு நடக்க வேண்டும், போலீஸ் எழுப்பினால் நடக்க வேண்டும். விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்து என்று ஒரே மனிதர் படிப்படியாகக் காலை இழப்பதை நாங்கள் பார்க்கிறோம். மரத்த பாதத்தை ராத்திரியில் எலி கடித்தாலும் தெரியாது. பெருச்சாளிகள் உலவும் பிளாட்பாரங்களில் இது நடக்கிறது.

அதனால் இந்த நோயாளிதான் தேறும் காப்பகத்துக்கு முதல் ஆள். அதுவரை இடம் கிடைக்கவில்லையென்றால் அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றச் சொல்லுங்கள். சர்க்கரையும் அங்கேயே பார்ப்பார்கள். அவர் எங்கே படுக்கிறாரோ அங்கே சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சில நூறு அடியாவது நடை குறையும். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி இன்றும் பலருக்கு மாத்திரைக்கு முந்தைய சாப்பாடாக இருக்கிறது.

"இன்சுலினை எங்க வைப்பார்?"

பயன்பாட்டில் உள்ள பாட்டிலைப் பொதுவாக நான்கு வாரம் வரை ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கலாம், ஆனால் வெயில் படக் கூடாது. ஈர மணல் போட்ட மண்பானை சென்னை வெயிலுக்கு உதவும். பிளாட்பாரத்தில் பானையும் நிலைக்காது என்பதால், டீக்கடை, மெடிக்கல் ஷாப் என்று நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பதுதான் நாங்கள் செய்வது. சாப்பாடு உறுதியில்லாதவருக்கு ஊசி போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். அவர் தெருவில் இருப்பதை டாக்டரிடம் சொன்னால், அதற்கேற்ப மருந்தை மாற்றித் தருவார்.

"டிபி உள்ளவரை மத்தவங்களோட தங்க வைக்கலாமா?"

சரியான மருந்து தொடங்கி முதல் சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை தனி அறை, காற்றோட்டம், முகக்கவசம். பிறகு எப்போது சேர்ந்து இருக்கலாம் என்பதை டாக்டர் சொல்வார். வழக்கமான டிபிக்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபி வரலாம். சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 அரசு தருகிறது, 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. வங்கிக் கணக்கில்தான் வரும். ஆதார் வேலை பற்றி மேலே சொன்னது இந்த வங்கிக் கணக்குக்கும் பொருந்தும்.

"அவர் குடிகாரர். ஆஸ்பத்திரியில இருந்து அவரே ஓடிட்டார். அவருக்கு எதுக்கு இவ்வளவு?"

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. பெரும்பாலும் உதவிசெய்து ஏமாந்த நல்லவர்களே கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது, மருந்தால் தடுக்கக்கூடியது. அட்மிஷனின்போது "கடைசியாக எப்போது குடித்தார்" என்று யாரும் சொல்லாததால் மருந்து தொடங்குவதில்லை. இரண்டாம் நாள் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு அவர் வெளியேறுகிறார். கேஸ் ஷீட்டில் "ஆப்ஸ்காண்டட்" என்று எழுதி மூடுகிறார்கள். அவர் ஓடிப்போனதாக நாம் சொல்வதில் பாதி இப்படி நடந்ததுதான். ஆகவே அட்மிட் செய்யும்போதே அதைச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மீதிப் பேர் போவதற்கும் காரணம் இருக்கிறது. பிளாட்பாரத்தில் விட்டுவந்த பை, தள்ளுவண்டி, மனைவி, வளர்த்த நாய். துணிமணி, போட்டோ, சேர்த்த காசு என்று அவருடைய சொத்து எல்லாம் அந்த ஒரு பையில் இருக்கும். பையை முதல் நாளே எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தால் பலர் வார்டில் நிலைக்கிறார்கள்.

தேறும் காப்பகத்தில் குடிக்க அனுமதியில்லை என்ற விதி சரி. வெளியே குடித்துவிட்டு வந்தால் உடனே துரத்துவது என்ற விதி எனக்குச் சரியாகப் படவில்லை. கால் ஒடிந்தவர் குடித்தாலும் எலும்பு சேரக் கட்டில் வேண்டும். மற்றவர்களைத் தொந்தரவு செய்தால் தனியாகப் படுக்கவைத்து, காலையில் பேசலாம்.

"மனநலம் சரியில்லாதவர் மாதிரி இருக்கு. கிட்ட போகவே பயமா இருக்கு."

நெருங்கி நின்று வற்புறுத்தாதீர்கள். தண்ணீரோ சாப்பாடோ கொடுத்து, சில நாள் பழகிய பிறகு பேச்சு வரும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 100-வது பிரிவுப்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைபவரைப் பாதுகாத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஸ்டேஷனில் இந்தப் பிரிவின் எண்ணைச் சொன்னால் பேச்சு மாறும்.

இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாடு மற்றவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய தி பான்யன், தெருவில் இருந்த மனநலம் பாதித்த பெண்களுக்குத் தங்கித் தேறும் இடமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு மாநில அரசே மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தொடங்கியது. மனநோய்க்கு ஏற்றுக்கொண்ட நியாயத்தை ஒடிந்த காலுக்கும் ஆறாத புண்ணுக்கும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறோம். மனநல ஆலோசனைக்கு 14416.

"பெண்களுக்கும் இதே மாதிரிதானா?"

கூடுதல் கவனம் தேவை. தெருவில் தனியாக இருக்கும் பெண் மருந்து மயக்கத்தில் தூங்குவதே ஆபத்து. அதனால் தூக்கம் வரவைக்கும் மாத்திரையைப் போடாமல் தவிர்ப்பவர்கள் உண்டு. மாத்திரை போடவில்லை என்று திட்டுவதற்கு முன் அதை யோசியுங்கள்.

பிராட்வே, யானைகவுனி பக்கம் தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். சிசேரியன் ஆன ஐந்தாறு நாளில் தாயும் குழந்தையும் அங்கேதான் திரும்புகிறார்கள். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதவர் குடத்தில் தண்ணீர் சுமக்கிறார். இவர்களுக்குக் குடும்பமாகவே தங்க இடம் வேண்டும். கணவரையும் மூத்த குழந்தையையும் பிரித்து அனுப்பினால் அந்தத் தாய் வர மாட்டார். ஆபத்தில் இருக்கும் பெண்ணுக்கு 181.

"குடும்பத்தைக் கண்டுபிடிச்சு அனுப்பிட்டா முடிஞ்சுதே?"

சில சமயம் அது அருமையாக முடியும். முதலில் அவரைக் கேளுங்கள். அடி தாங்காமல் வந்தவர், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு விரட்டப்பட்டவர், தன்னால் வீட்டுக்கு அவமானம் என்று நினைப்பவர் என்று பல கதைகள். அவர் சம்மதம் இல்லாமல் போட்டோவை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாதவர்களும் பார்ப்பார்கள்.

முதியவர் என்றால், 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம், வழிகாட்ட 14567 உண்டு. வெளிமாநிலத் தொழிலாளி என்றால், தையல் பிரிக்கும் முன் இரண்டு நாள் ரயிலில் அன்ரிசர்வ்டில் ஏற்றிவிடுவது உதவியே இல்லை. தேறிய பிறகு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.

"சரி, குணமாயிட்டார். மறுபடியும் அதே பிளாட்பாரம்தானே? அப்புறம் எதுக்கு?"

சிலர் அதே இடத்துக்குத்தான் போகிறார்கள், இரண்டு காலோடு போகிறார்கள். அதுவே எனக்குப் போதுமான காரணம். ஆறு வாரத்தில் ஒருவருடைய வறுமையைத் தீர்க்க முடியாது, எலும்பைச் சேர்க்க முடியும்.

ஆனாலும் அந்த ஆறு வாரத்தில் வேறு சிலவும் நடக்கின்றன. மேலே சொன்ன ஆதார், வங்கிக் கணக்கு, முதியோர் உதவித்தொகை மனு, பழைய முதலாளியோடு ஒரு போன். தொடர் மருந்து தேவைப்படுபவருக்குக் காப்பகமே முகவரியானால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் அங்கேயே வரும். வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு, சாதாரணக் காப்பகத்துக்கு மாறியவர்கள் உண்டு. போகும் தேதியை வந்த முதல் வாரத்திலேயே அவரோடு பேசி முடிவுசெய்வது நல்லது. கடைசி நாளில் "நாளைக்குக் கிளம்புங்க" என்றால் அது இன்னொரு டிஸ்சார்ஜ், முதல் கேள்விக்கே திரும்பிவிடுவோம்.

"குணமே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டா?"

முற்றிய புற்றுநோயோடு தெருவில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது வலியில்லாத நாட்கள், சுத்தமான படுக்கை, பேச ஓர் ஆள். அரசு மருத்துவமனைகளில் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். மார்ஃபின் மாத்திரையைப் பாதுகாப்பாக வைத்துக் கொடுக்கப் பொறுப்பான இடம் இருந்தால்தான் தருவார்கள். தேறும் காப்பகத்தில் இவர்களுக்கும் ஒன்றிரண்டு கட்டில் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து, எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை.

"எங்க சங்கத்துக்கு ஒரு ஹால் இருக்கு. ஆரம்பிக்கலாமா?"

ஆரம்பியுங்கள், சின்னதாக. நான்கைந்து கட்டிலுக்கு மேல் முதல் வருடம் வேண்டாம். தரைத்தளம், உட்காரும் வகைக் கழிப்பறை, சுவரில் பிடித்து எழக் கம்பி, வாசலில் சாய்தளம். மருந்துக்குப் பூட்டும் அலமாரி, ஒவ்வொருவர் பெயரிலும் தனிப் பெட்டி. ராத்திரி தூங்காமல் இருக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் கட்டாயம். தன்னார்வலரை நம்பி இரவை விடாதீர்கள்.

மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பேசி அனுமதியும், முடிந்தால் சிறப்புக் காப்பகம் என்ற அங்கீகாரமும் கேளுங்கள். மனநோய்க்கு முதன்மையாகத் தங்கவைப்பதாக இருந்தால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு தேவை. பக்கத்து அரசு மருத்துவமனையோடு எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். யாரை அனுப்பலாம், யாரை அனுப்பக் கூடாது, நிலைமை மோசமானால் கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். சுகாதார நிலைய நர்ஸ் எந்தக் கிழமை வருவார் என்பதைச் சுவரில் எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறினால் 108-ஐ அழைப்பது யார், கூட வண்டியில் ஏறுவது யார், மற்றவர்களோடு இருப்பது யார் என்று மூன்று பெயரையும் அதன் கீழேயே எழுதிவிட்டு முதல் நோயாளியைச் சேருங்கள்.